கம்பெனீஸ் ஹவுஸ்: தரமிறங்கிய கால்பந்துக் கழகங்களின் கணக்கைத் திறந்து காட்டும் இலவசச் சேவை

ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில் இங்கிலாந்தின் முதல் நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து மூன்று கழகங்கள் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்புக்குத் தரமிறங்குகின்றன. அன்றிரவே தொடங்கிவிடும் பேச்சு, யார் யார் விற்கப்படுவார்கள், எந்தக் கழகம் வாங்கும், என்ன விலை போகும் என்பதுதான். அடுத்த மூன்று மாதங்களுக்கு விளையாட்டுத் தளங்கள் இந்தப் பேச்சை வைத்தே பிழைக்கின்றன. ஆனால் ஒரு கழகம் தன் வீரர்களை விரும்பி விற்கிறதா, வேறு வழியில்லாமல் விற்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போக வேண்டிய இடம் பிரிட்டன் அரசின் நிறுவனப் பதிவாளர் அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையத் தேடல் பக்கம். கால்பந்துக்காக உருவாக்கப்படாத, கால்பந்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாத இந்தச் சேவை, தரமிறக்கத்தின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள இன்று கிடைக்கும் கருவிகளிலேயே சிறந்தது என்பது என் மதிப்பீடு. அதைப் பயன்படுத்துவது எளிது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள தொழில்முறைக் கழகங்கள் ஏறக்குறைய எல்லாமே நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்கள். ஆகவே மற்ற எந்த நிறுவனத்தையும் போல அவையும் ஆண்டுக் கணக்கு, இயக்குநர் மாற்றம், சொத்தின் மீது வாங்கிய கடன் ஆகியவற்றைப் பதிவாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் கட்டணம் இருந்தது. 2015 ஜூன் முதல் மின்வடிவில் உள்ளவை அனைத்தும் இலவசம். பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பிரிட்டனில் வசிக்க வேண்டியதில்லை. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் ஒரு கழகத்தின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை இறக்கிப் படிக்கலாம். குறிப்பிட்ட நிறுவனத்தைப் பின்தொடரப் பதிவு செய்துகொண்டால், அது புதிதாக எதையாவது தாக்கல் செய்யும்போது மின்னஞ்சல் வந்துவிடுகிறது.

தேடுபெட்டியில் கழகத்தின் பெயரைத் தட்டியதும் கிடைக்கும் முதல் முடிவையே நம்பிவிடக் கூடாது. ரசிகர் மன்றம், அறக்கட்டளை, மகளிர் அணி, வளாகத்தை வைத்திருக்கும் நிறுவனம் எனப் பல பெயர்கள் வரிசையாக நிற்கும். கழகத்துக்கு மேலே ஒரு தாய் நிறுவனமும், அதற்கு மேலே இன்னொன்றும் இருப்பது வழக்கம். 2022-இல் தரமிறங்கிய பர்ன்லி கழகத்தின் கடன் கதையைப் படிக்க விரும்புகிறவர் பர்ன்லி என்ற பெயரோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் கிடைக்கும். கழகத்தை வாங்கப் பயன்பட்ட கால்டர் வேல் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்தையும் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் பெயரை இணையதளம் தானாக எடுத்துக் கொடுக்காது. கணக்கின் கடைசிப் பக்கங்களில் வரும் இறுதித் தாய் நிறுவனம் பற்றிய குறிப்பிலிருந்து நாமே பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டும்.

கணக்கைத் திறந்தபின் எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். தரமிறங்கிய கழகத்தின் வருமானம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: ஆட்ட நாள் வசூல், ஒளிபரப்பு, வணிகம். நடுத்தரமான பிரீமியர் லீக் கழகம் ஒன்றில் ஒளிபரப்புப் பங்கு மற்ற இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரியதாக இருக்கும். தரமிறங்கினால் சரிவதும் அதுதான். அந்தச் சரிவைத் தாங்கிக்கொள்ள பிரீமியர் லீக் பாராசூட் தொகை என்ற பெயரில் உதவி தருகிறது. எல்லாக் கழகங்களும் சமமாகப் பெறும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20 என்பது கணக்கு. ஒரே ஒரு பருவம் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கிய கழகத்துக்கு மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது. சம்பளமோ, ஒப்பந்தத்தில் குறைப்பு விதி இல்லாவிட்டால், ஒரு பைசாவும் குறையாது. மொத்த வருமானத்தையும் மொத்தச் சம்பளச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, கோடைக்காலத்தில் எத்தனை பேர் வெளியேற வேண்டியிருக்கும் என்பதன் தோராய அளவு தெரிந்துவிடும்.

அடுத்தது வீரர்களின் மதிப்பு. வீரர் பதிவுகள் என்ற தலைப்பில் அவை அருவச் சொத்தாகக் காட்டப்படும். 2 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய ஒருவரின் விலையை ஆண்டுக்கு 40 லட்சம் வீதம் கழித்துக்கொண்டே போவார்கள். மூன்றாண்டு கழித்து ஏட்டில் அவர் மதிப்பு 80 லட்சம். அப்போது 3 கோடிக்கு விற்றால் 2.2 கோடி லாபம். 50 லட்சத்துக்கு விற்றால் பணம் கைக்கு வந்தும் ஏட்டில் 30 லட்சம் நட்டம். கழகத்தின் அகாடமியிலேயே வளர்ந்த வீரருக்கு ஏட்டு மதிப்பு ஏதுமில்லை, எனவே அவரை விற்று வரும் தொகை கிட்டத்தட்ட முழுவதும் லாபம். தரமிறங்கிய கழகம் ரசிகர்கள் உயிராக நேசிக்கும் உள்ளூர்ப் பையனை முதலில் விற்பதற்கும், ஆறு மாதம் முன்பு அவசரமாக வாங்கிய விலை உயர்ந்த முன்கள வீரரைத் துருக்கிக்குக் கடனாக அனுப்புவதற்கும் காரணம் இந்தச் சின்னக் கணக்குதான். 2023 ஜனவரியில் சவுதாம்ப்டன் பெரும் விலை கொடுத்து வாங்கிய பால் ஒனுவாச்சு, கழகம் கடைசி இடத்தில் முடிந்து தரமிறங்கிய பிறகு துருக்கியின் டிராப்சோன்ஸ்போர் கழகத்துக்குக் கடனாகப் போனதை இந்தக் கண்ணோடு பார்த்தால் விளங்கும்.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பை எனக்குக் காட்டியது பர்ன்லியின் கணக்கு. கடன் இல்லாமல் நடந்த கழகம் என்று பெயரெடுத்திருந்த பர்ன்லியை 2020 டிசம்பர் இறுதியில் ஏஎல்கே கேப்பிட்டல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கியது. வாங்குவதற்கான பணத்தின் ஒரு பகுதி எம்எஸ்டி என்ற முதலீட்டு நிறுவனத்திடம் பெற்ற கடன். அந்தக் கடன் கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. 2020-21 பருவத்துக்கான கணக்கு வெளிவந்தபோது அதில் ஒரு வாசகம் இருந்தது: கழகம் தரமிறங்கினால், 6.5 கோடி பவுண்டுக் கடனில் கணிசமான பகுதியைப் பருவம் முடிந்தவுடன் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். அதாவது ஒளிபரப்பு வருமானம் அறுந்து விழும் அதே கோடையில் கடன்காரரும் வாசலுக்கு வந்து நிற்பார்.

2022 மே 22 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நியூகாசிலிடம் தோற்றுப் பர்ன்லி தரமிறங்கியது. பிறகு நடந்தது அந்த ஒற்றை வாசகத்தின் விரிவுரை. கோல்காப்பாளர் நிக் போப் நியூகாசிலுக்கும், நேத்தன் காலின்ஸ் உல்வ்ஸுக்கும், டுவைட் மெக்நீல் எவர்ட்டனுக்கும், மாக்ஸ்வெல் கோர்னே வெஸ்ட் ஹாமுக்கும் விற்கப்பட்டார்கள். காலின்ஸுக்கு மட்டும் 2 கோடிக்கு மேல் என்று செய்திகள் கூறின. ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கியும் பென் மீயும் ஒப்பந்தம் முடிந்து ஒரு காசும் ஈட்டித் தராமல் போனார்கள். இத்தனை விற்பனைக்குப் பிறகும் வின்சென்ட் கொம்பனியின் பயிற்சியில் அக்கழகம் 101 புள்ளிகளோடு மறு ஆண்டே மேலேறியது தனிக் கதை. விற்பதெல்லாம் வீழ்ச்சி என்று எண்ணுகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான் சொல்ல வருவது, அந்தக் கோடையின் விற்பனையை எதிர்பாராத பேரிடராக எழுதிய செய்தியாளர்கள் பலர், பதிவாளரின் தளத்தில் முன்கூட்டியே கிடந்த கணக்கைப் புரட்டியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆண்டுக் கணக்கைவிட விரைவாகச் செய்தி சொல்லும் பகுதி ஒன்று இந்தத் தளத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. அது ஈட்டுப் பதிவுகள் பகுதி. ஒரு நிறுவனம் தன் சொத்தையோ வரவேண்டிய தொகையையோ ஈடாக வைத்துக் கடன் வாங்கினால், அதை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீரரை விற்ற பணம் பெரும்பாலும் ஒரே தவணையில் வருவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து வரும். பணமுடை உள்ள கழகம் அந்த வருங்காலத் தவணைகளை வங்கியிடம் காட்டி, கழிவு போக மீதியை இன்றே வாங்கிக்கொள்கிறது. பாராசூட் தொகையையும் இப்படியே முன்கூட்டி வாங்கிச் செலவழிப்பதுண்டு. இந்தத் தொழிலில் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி வங்கியின் பெயர் அடிக்கடி தென்படும். லெஸ்டர் சிட்டியின் பதிவுகளில் அதைப் பலமுறை பார்க்கலாம். பதிவோடு கடன் பத்திரத்தின் நகலும் இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் எந்தக் கழகத்திடமிருந்து வரவேண்டிய தொகை ஈடாக வைக்கப்பட்டது என்பதுவரை எழுதியிருப்பார்கள். வட்டி விகிதத்தைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும், ஜனவரி மாதத்தில் ஒரு கழகம் அடுத்த ஆண்டின் பாராசூட் தொகையை ஈடுவைத்திருப்பதைக் கண்டால், அக்கழகத்தின் நிதி இயக்குநர் எப்படித் தூங்குகிறார் என்பதை ஊகிக்க அதுவே போதும்.

லெஸ்டர் சிட்டியின் பக்கத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2016-இல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற கழகம் 2023 மே 28 அன்று, கடைசி ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை வென்றும், எவர்ட்டனும் வென்றுவிட்டதால் தரமிறங்கியது. முந்தைய ஆண்டில் 9.25 கோடி பவுண்டு நட்டம் காட்டியிருந்த கழகம், தரமிறங்கிய ஆண்டில் 8.97 கோடி நட்டம் காட்டியது. வருமானம் சுமார் 17.7 கோடி, சம்பளச் செலவோ 20 கோடியைத் தாண்டியிருந்தது. ஈட்டிய ஒவ்வொரு பவுண்டும் சம்பளத்துக்கே போதவில்லை என்பதைவிடத் தெளிவாக ஒரு கழகத்தின் நிலையைச் சொல்லிவிட முடியாது. வெஸ்லி ஃபோஃபானாவைச் செல்சிக்கும் ஜேம்ஸ் மேடிசனை டாட்டன்ஹாமுக்கும் விற்று வந்த பெரும் லாபத்தைச் சேர்த்த பிறகும் நட்டம் அவ்வளவு என்பதையும் கணக்கு சொல்கிறது. இன்னொரு பக்கம் யூரி டீலமன்ஸ், சாலார் சொயுஞ்சு போன்றோர் ஒப்பந்தம் முடிந்து இலவசமாக வெளியேறினார்கள். ஏட்டில் சொத்தாக இருந்தவர்கள் தேய்ந்து தேய்ந்து பூஜ்யமானபோது அவர்களைச் சந்தையில் விற்கும் வாய்ப்பும் தேய்ந்து போயிருந்தது.

ஆனால் லெஸ்டரின் பக்கத்தில் என் கண்ணை நிறுத்தியது கணக்கின் தொகைகளைவிட, தாக்கல் வரிசையில் வரும் ஒரு சாதாரண மாற்றம்தான். அதுவரை மே 31-இல் ஆண்டுக் கணக்கை முடித்துவந்த அந்நிறுவனம், 2023-இல் அதை ஜூன் 30 என்று நீட்டிக்கொண்டது. அந்த ஆண்டின் கணக்கு பதின்மூன்று மாதங்களுக்கானது. மேடிசன் விற்பனை அறிவிக்கப்பட்டது ஜூன் 28 அன்று. பழைய தேதியே நீடித்திருந்தால் அந்த விற்பனை லாபம் அடுத்த ஆண்டுக்குப் போயிருக்கும். பின்னர் பிரீமியர் லீக், மூன்றாண்டுகளுக்கு அனுமதிக்கப்பட்ட 10.5 கோடி நட்ட வரம்பை லெஸ்டர் மீறிவிட்டது என்று குற்றம் சாட்டியபோது, வழக்கே இந்தத் தேதியின் மீது வந்து நின்றது. ஜூன் மாத நடுவில் லெஸ்டர் தன் பிரீமியர் லீக் பங்கை ஒப்படைத்துவிட்டது. கணக்காண்டு முடிந்த ஜூன் 30 அன்று அது லீக்கின் உறுப்பினர் அல்ல. ஆகவே அதன் மீது நடவடிக்கை எடுக்க லீக்குக்கு அதிகாரமில்லை என்று 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்பளித்தது. ஆட்டக்களத்தில் புள்ளிகள் பறிபோகக்கூடிய ஒரு பெரும் வழக்கின் ஆணிவேர், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடிய கணக்காண்டு மாற்றத்தில் இருந்தது. அந்தத் தீர்ப்பு நியாயமா என்பது வேறு விவாதம். விதியை எழுதியவர்கள் கவனமாக எழுதியிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

குறைகளுக்கு வருவோம். முதலாவது தாமதம். தனியார் நிறுவனங்களுக்குக் கணக்கை ஒப்படைக்க ஆண்டு முடிந்தபின் ஒன்பது மாத அவகாசம் உண்டு. ஜூன் 30-இல் ஆண்டு முடிந்தால் மறு ஆண்டு மார்ச் 31 வரை காத்திருக்கலாம். பெரும்பாலான கழகங்கள் அந்தக் கடைசி வாரத்தில்தான் அசைகின்றன. மே மாதத்தில் தரமிறங்கிய கழகத்தின் உண்மை நிலை, அடுத்த கோடை விற்பனைக்குச் சற்று முன்புதான் வெளியே வருகிறது. தாமதமாக ஒப்படைத்தால் தனியார் நிறுவனத்துக்கு அபராதம் 150 பவுண்டில் தொடங்கி, ஆறு மாதம் கடந்தால் 1,500 பவுண்டு. ஒரு மாற்று வீரரின் ஒரு நாள் சம்பளத்துக்கும் ஈடாகாத அந்தத் தொகையைக் கண்டு எந்தக் கழகமும் அஞ்சாது. கணக்கு தாமதமாகும் கழகத்தில் ஏதோ சரியில்லை என்ற செய்தியையாவது தளம் நமக்குத் தருகிறது: கணக்கை ஒப்படைக்கும் கெடு தாண்டிவிட்டது என்ற எச்சரிக்கை நிறுவனத்தின் முகப்பிலேயே தெரியும்.

இரண்டாவது, ஆவணங்களின் வடிவம். பெரிய கழகங்களின் கணக்குகள் பலவும் அச்சிட்ட தாளை வருடிப் படமாக ஏற்றிய பிடிஎஃப் கோப்புகளாகவே கிடைக்கின்றன. அவற்றில் சொல் தேட முடியாது, எண்ணை நகலெடுத்து விரிதாளில் ஒட்ட முடியாது. ஐம்பது அறுபது பக்கங்களைக் கண்ணால் புரட்டித்தான் தேவையான குறிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இந்த நிலை நீடிப்பது ஒரு நவீன அரசுச் சேவைக்கு அழகில்லை.

மூன்றாவது குறையை இந்தத் தளத்தின் மீது சுமத்துவது முழுவதும் நியாயமாகாது, ஆனாலும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். தனிப்பட்ட வீரரின் ஒப்பந்தம் இங்கே இருக்காது. மொத்தச் சம்பளம் தெரியும். யாருக்கு எவ்வளவு, தரமிறங்கினால் யாருடைய சம்பளம் குறையும், யார் இலவசமாகப் போகலாம் என்பவை தெரியாது. 2017-இல் சண்டர்லேண்ட் தரமிறங்கியபோது ஜெர்மைன் டிஃபோ ஒப்பந்தத்தில் இருந்த விதியைக் கொண்டு விலையின்றி போர்ன்மவுத்துக்குப் போய்விட்டார். ஜாக் ராட்வெல்லின் ஒப்பந்தத்திலோ சம்பளக் குறைப்பு விதியே இல்லை; சாம்பியன்ஷிப்பில் பெரும்பாலும் ஆடாமலேயே அவர் வாரத்துக்குச் சுமார் 70,000 பவுண்டு வாங்கியதாகச் செய்திகள் சொல்லின. கழகத்தில் இருந்தவர்களில் பெரிய விலை போகக்கூடியவர் அகாடமியில் வளர்ந்த கோல்காப்பாளர் ஜோர்டன் பிக்ஃபோர்டு. அவர் எவர்ட்டனுக்கு விற்கப்பட்டார். விற்கக்கூடியவரை விற்று, விற்க முடியாதவருக்குச் சம்பளம் கொடுத்த சண்டர்லேண்ட் மறு ஆண்டே மூன்றாம் நிலைக்கும் இறங்கியது. இந்தக் கதையின் முக்கியமான பாதியை, அதாவது ஒப்பந்த விதிகளை, பதிவாளரின் தளத்தில் எவ்வளவு தேடினாலும் காண முடியாது.

மற்றொன்று, பதிவாளர் அலுவலகம் நீண்ட காலம் ஒரு கிடங்காக மட்டுமே இயங்கியது. கொடுத்ததை வாங்கி வைக்கும், சரிபார்க்காது. 2023-ஆம் ஆண்டின் பொருளாதாரக் குற்றச் சட்டம் 2024 மார்ச் முதல் அதற்குக் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் அதிகாரம் தந்துள்ளது. 2025 நவம்பர் முதல் இயக்குநர்களின் அடையாளச் சரிபார்ப்பும் கட்டாயமாகிவருகிறது. கழகங்களின் கணக்கு தணிக்கையாளரின் கையெழுத்தோடு வருவதால் எண்களைப் பொறுத்தவரை பெரிய அச்சம் தேவையில்லை. உடைமையாளர் யார் என்ற கேள்விக்கு விடை வெளிநாட்டு நிறுவனத்தில் போய் முடியும்போது மட்டும் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய உடைமையாளர் ஒருவரின் கணக்கையும் இங்கே பார்க்கலாம். கோழிப்பண்ணைத் தொழிலில் நம் ஊர்க் கடைகள்வரை அறியப்பட்ட புனேயின் வெங்கீஸ் குடும்பம் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. 2012 மே மாதம் அக்கழகம் தரமிறங்கிய ஆட்டத்தில், ரசிகர்கள் கழகக் கொடி போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டது உலகம் முழுக்க ஒளிபரப்பானது. அந்தக் கோடையில் ஸ்டீவன் என்சோன்சி, யாகுபு போன்றோர் வெளியேறினாலும், கழகம் ஜோர்டன் ரோட்ஸை 80 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிச் சூதாடிப் பார்த்தது. மேலேற முடியவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் வெங்கீஸ் லண்டன் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கணக்கில் உடைமையாளர் போட்ட பணம் கூடிக்கொண்டே போவதைக் காணலாம். பின்னாளில் இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப நீதிமன்ற அனுமதி தேவைப்பட்ட நிலையில், 2024 பிப்ரவரியில் அகாடமி வீரர் ஆடம் வார்ட்டன் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டார். உடைமையாளரின் பணத்தில் மூச்சுவிடும் கழகத்துக்கு அந்தக் குழாய் ஒருமுறை அடைபட்டால், அடுத்து விற்பனைக்கு வருவது வளர்த்த பிள்ளைதான் என்பதைக் கணக்கின் தொடர் நிறுவன நிலை, அதாவது கழகம் தொடர்ந்து இயங்க முடியுமா என்பது, பற்றிய குறிப்பிலேயே படித்துவிடலாம்.

பழைய வரலாற்றில் ஆர்வம் கொண்டவருக்கு இந்தத் தளம் பாதி திருப்திதான் தரும். 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடி 2004-இல் தரமிறங்கிய லீட்ஸ் யுனைடெட்டின் கதை, தரமிறக்க விற்பனைக்கெல்லாம் முன்னோடி. வருங்கால டிக்கெட் வசூலை ஈடுவைத்து 6 கோடி பவுண்டு கடன், அதை நம்பி வாங்கிய வீரர்கள், பிறகு ஃபெர்டினண்ட், வுட்கேட், ஸ்மித், விடூகா, மில்னர், ராபின்சன் என வரிசையாக விற்பனை, கடைசியில் எலாண்டு ரோடு மைதானமே விற்பனை. 2002-03 ஆண்டில் கழகம் காட்டிய 4.95 கோடி பவுண்டு நட்டம் அன்றைய ஆங்கிலக் கால்பந்தில் சாதனை அளவு. அக்காலத்து நிறுவனங்கள் பல கலைக்கப்பட்டுவிட்டன. அவ்வளவு பழைய ஆவணங்கள் எல்லாமும் ஒரே சொடுக்கில் திறப்பதில்லை. அன்றைய ரசிகருக்கு இன்றைய வசதி இருந்திருந்தால், சம்பளத்தையும் கடனையும் பார்த்து 2002-லேயே சந்தேகப்பட்டிருப்பார்.

மாற்றுச் சேவைகளோடு ஒப்பிட்டால் இதன் இடம் தெளிவாகும். டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சந்தை மதிப்பு இருக்கும். பார்க்க அழகாகவும் பேசச் சுவையாகவும் இருக்கும். அது பயனர்களின் விவாதத்தில் உருவாகும் மதிப்பீடு. கழகத்தின் ஏட்டு மதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, தரமிறங்கிய கழகத்தின் அவசரத்தை அது முழுமையாக அளப்பதுமில்லை. நம் நாட்டில் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பொது ஆவணங்களைப் பார்க்கலாம், ஆனால் நிறுவனம் ஒன்றுக்கு 100 ரூபாய் கட்ட வேண்டும், கொடுத்த நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். அதைப் பழகியவருக்குக் கம்பெனீஸ் ஹவுஸ் தாராளமாகத் தோன்றும்.

கணக்கியல் படித்தவர்களுக்கும், ஒரு கழகத்தை மட்டும் பல ஆண்டாகப் பின்தொடர்பவர்களுக்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆட்டத்தின் கோலை மட்டும் ரசிப்பவர்கள் இதன் பக்கம் வரத் தேவையில்லை. அதில் குறை ஒன்றும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர் எல்லாப் பக்கங்களையும் படிக்க முயல வேண்டாம். இறுதியிலிருந்து தொடங்கி, கணக்கு முடிந்த நாளுக்குப் பிந்தைய நிகழ்வுகள் என்ற குறிப்பை முதலில் பார்க்கலாம். ஆண்டு முடிந்தபின் எத்தனை வீரர்கள் விற்கப்பட்டார்கள், மொத்தமாக எவ்வளவு வரவேண்டும் என்பதை அங்கேதான் இரண்டு மூன்று வரியில் எழுதியிருப்பார்கள். 2025-இல் லெஸ்டர், சவுதாம்ப்டன், இப்ஸ்விச் ஆகிய மூன்றும் தரமிறங்கின. இப்ஸ்விச்சின் லியாம் டெலாப் தரமிறங்கினால் குறித்த விலைக்கு வீரரை விடுவிக்க வேண்டும் என்ற ஒப்பந்த விதியின்படி 3 கோடி பவுண்டுக்குச் செல்சிக்குப் போனது ஜூன் தொடக்கத்தில். அதே கழகத்தின் ஒமாரி ஹட்சின்சனும் சவுதாம்ப்டனின் டைலர் டிப்ளிங்கும் விற்கப்பட்டது ஆகஸ்டில். ஜூன் 30-இல் கணக்கை முடிக்கும் கழகத்துக்கு முதல் விற்பனை லாப நட்டக் கணக்கின் உள்ளே வரும், மற்றவை அந்தக் கடைசிக் குறிப்பில் வரும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் ஒரு கோடையின் முழு விற்பனையும் கணக்கில் சேரும்.